ஆண்களுக்கான சத்து மாத்திரையும் குழந்தைப்பேறும்: மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்தாளராக நிற்கும் என்னிடம் இந்தக் கேள்விகள் நேராக வருவது குறைவு. இருமல் மருந்து வாங்க வந்தவர் மற்றவர்கள் போகும்வரை அலமாரிப் பக்கம் நின்றுவிட்டு, "அக்கா, இது நல்லதா?" என்று ஒரு போத்தலை மெதுவாக முன்னால் நகர்த்துவார். பல நேரம் அவரும் வரமாட்டார். மனைவியோ அம்மாவோ வருவார். அப்படி வந்த கேள்விகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கம். டாக்டர் உங்களைப் பார்த்துச் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் விசேஷம் இல்லை. முதலில் மூன்று மாதம் சத்து மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கட்டுமா?

முதலில் விந்துப் பரிசோதனை. மாத்திரை அப்புறம்.

ஓராண்டு எந்தத் தடுப்பும் இல்லாமல் சேர்ந்திருந்தும் கரு தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம், சிலரிடம் பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஸ்கேன், ரத்தம், கருக்குழாய்ச் சோதனை என்று மருமகளின் ஃபைல் தடித்துக்கொண்டே போகும். மகன் கையில் ஒரு போத்தல் மாத்திரை மட்டும் இருக்கும். இத்தனைக்கும் அவருடைய சோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. சோதனையைத் தள்ளிப்போட மாத்திரை ஒரு சாக்காகிவிடுகிறது என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை.

மாத்திரை தொடவே முடியாத காரணங்கள் பல உண்டு. விரைப்பையில் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல், எல்லா ஆண்களிலும் சுமார் 15 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. குழந்தை தாமதமாகும் ஆண்களில் அது மூன்றில் ஒருவருக்கு மேல். விந்துக் குழாய் அடைப்பு, ஹார்மோன் குறைபாடு, குரோமோசோம் வேறுபாடு என்று பட்டியல் நீளும். ஆண்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு விந்தில் அணுவே இருக்காது. குழாய் அடைத்துக்கொண்டவர் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அடைப்பு திறக்காது. அந்த மூன்று மாதத்தில் மனைவியின் வயது மட்டும் கூடும்.

பரிசோதனைக்கு எங்கே போவது? கூச்சமாக இருக்கிறதே.

கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசுச் சுகாதார கிளினிக்கில் ஆரம்பிக்கலாம். குடியுரிமை உள்ளவர்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போகலாம். கோலாலம்பூரில் எல்பிபிகேஎன் என்னும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தையின்மைக்கான கிளினிக் நடத்துகிறது. அவசரம் என்றால் தனியார் லேப்.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். நாள் கூடக்கூட நல்லது என்று இரண்டு வாரம் அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்போது அசைவு குறைந்து முடிவு மோசமாகத் தெரியும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேப் கையில் இருக்க வேண்டும், உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும். வீடு கிள்ளானில், லேப் நகரத்தில் என்றால் ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமை நம்பாதீர்கள், லேப்பிலேயே அறை கேளுங்கள். பினாங்குப் பாலத்தைக் காலையில் கடக்கிறவர்களுக்கும் அதே யோசனைதான். சாதாரண ஆணுறையில் எடுத்துவரக் கூடாது. வழுக்கும் ஜெல், எச்சில் இரண்டுமே அணுக்களைப் பாதிக்கும்.

கடந்த இரண்டு மூன்று மாதத்தில் டெங்கியோ கடும் காய்ச்சலோ வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டபிறகும் அதன் பாதிப்பு விந்தில் சில வாரம் தெரியும். ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். சரியில்லை என்று வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் "இயல்பான வடிவம் 5 விழுக்காடு" என்று இருக்கிறது. மீதி 95 விழுக்காடும் கெட்டதா?

இல்லை. இந்த வரியைப் பார்த்துத் தூக்கம் போனவர்கள் நிறைய. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, இயல்பான வடிவத்துக்குக் கீழ் எல்லையே 4 விழுக்காடுதான். மற்றவை: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசைபவை 42 விழுக்காடு, முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு.

இவை பாஸ், ஃபெயில் மதிப்பெண் கிடையாது. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 விழுக்காட்டினர் எங்கே நிற்கிறார்கள் என்று போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் இருக்கிறார்கள். மேலே இருந்தும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, சோதனையும் பார்த்தாயிற்று, எண்ணிக்கை கொஞ்சம் குறைவு. எந்தச் சத்து மாத்திரைக்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறது?

கடைக்காரியாக இருந்துகொண்டு சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: ஆதாரம் மெலிந்தது.

இந்த மாத்திரைகளுக்குப் பின்னால் இருக்கும் யோசனை தவறில்லை. புகை, கொழுப்பு, சர்க்கரை, கிருமித் தொற்று இவற்றால் உடலில் ஆக்சிஜன் கழிவுகள் பெருகி அணுவின் சவ்வையும் அதன் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. வைட்டமின் சி, ஈ, செலினியம், ஜிங்க், கோக்யூ10, கார்னிட்டின் போன்றவை அதைத் தணிக்கலாம். சோதனைக் கூடத்தில் இது அழகாக வேலை செய்கிறது. மனிதர்களில் பார்த்தபோதுதான் சிக்கல்.

2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 2,370 தம்பதிகள். பாதி ஆண்களுக்குத் தினம் 30 மில்லிகிராம் ஜிங்க், 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதம் கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது ஒரு பக்கம் 34 விழுக்காடு, மறு பக்கம் 35. அதாவது வித்தியாசமே இல்லை. மருந்து எடுத்தவர்களில் வயிற்றுக் கோளாறும் விந்தணு டிஎன்ஏ சிதைவும் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. அதே ஆண்டு இன்னொரு ஆய்வில், அணு குறைபாடு உள்ள சுமார் 170 ஆண்களுக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிட்டின், ஜிங்க், ஃபோலிக் ஆசிட், லைகோபீன் எல்லாம் சேர்ந்த கலவையைக் கொடுத்தார்கள். "ஆண்களுக்கான ஃபார்முலா" என்று அலமாரியில் நிற்கும் போத்தல்களில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கலவைதான். எண்ணிக்கையும் அசைவும் மேம்படவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். காக்ரன் அமைப்பு 2022-இல் 90 ஆய்வுகளை, 10,303 ஆண்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடலாம் என்று ஒரு சாயல் தெரிந்தது. தரம் குறைந்த ஆய்வுகளை நீக்கிப் பார்த்தபோது அந்தச் சாயலும் மறைந்துவிட்டது.

ஒன்றுமே எடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை என்பவர்கள் கோக்யூ10 பக்கம் போகிறார்கள். தினம் 200 முதல் 300 மில்லிகிராம் எடுத்த சிறு ஆய்வுகளில் அணு அசைவு கொஞ்சம் கூடியது; குழந்தை கூடியதா என்பதுதான் தெளிவில்லை. பெரிய கெடுதல் இல்லை, விலை மட்டும் கடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நாலைந்து போத்தல் சேர்த்து எடுத்தால் சீக்கிரம் பலன் வருமா?

ஒருவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். மல்டிவைட்டமின், ஆண்களுக்கான ஃபார்முலா, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வைட்டமின் சி, தனி ஜிங்க் மாத்திரை என எல்லாவற்றையும் கவுண்டரில் வரிசையாக வைத்தார். பின்பக்க லேபிளில் ஜிங்க் அளவை மட்டும் கூட்டினோம்: 15, 30, 10, 25. மொத்தம் 80 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மேல் எல்லை 40. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடலில் செம்புச் சத்து இறங்கும். ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். அவருக்கு ஏற்கனவே வாயில் உலோகச் சுவையும் காலையில் குமட்டலும் இருந்தன. அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்!

லேபிளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஜிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம்" என்றால் அதில் உண்மையான ஜிங்க் சுமார் 7 மில்லிகிராம்தான். சில கம்பெனி உப்பின் எடையைப் போடும், சில கம்பெனி ஜிங்கின் எடையைப் போடும். புரியவில்லை என்றால் மருந்தாளரிடம் போத்தலை நீட்டுங்கள், கூட்டித் தருவோம்.

செலினியத்துக்கு எல்லை 400 மைக்ரோகிராம். தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். வைட்டமின் ஈ பாவம் எதுவும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக, 35,000-க்கும் மேற்பட்ட நடுத்தர, முதிய வயது ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2011-இல் சொன்னது. இன்னொன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின். அது அதிக அளவில் உடலில் இருந்தால் ஹார்மோன் ரத்தச் சோதனையின் முடிவே தப்பாக வரலாம். ரத்தம் கொடுக்கும் முன் லேப்பில் சொல்லிவிடுங்கள்.

தொங்காட் அலி? மலாய் நண்பர் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்.

பெட்ரோல் நிலையத்துக் குளிர்பெட்டியில் டின் காப்பியாகக்கூட நிற்கும் வேர் அது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாமல் குழந்தை தாமதமான 350 ஆண்களுக்குத் தினம் 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். முழுதாக முடித்தவர்கள் 75 பேர், அவர்களில் 11 மனைவிமார் கருத்தரித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரை எடுத்த கூட்டம் இல்லை. எதுவுமே எடுக்காமல் இருந்தால் எத்தனை பேர் கருத்தரித்திருப்பார்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் இந்தச் சாற்றை ஆராய்ந்து, டிஎன்ஏவுக்குச் சேதம் வரக்கூடும் என்ற கவலையால் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்ள மறுத்தது. குழந்தைக்காகச் சாப்பிடும் பொருளில் டிஎன்ஏ கவலை என்றால் நான் யோசிப்பேன்.

டின் காப்பியில் உறுதியாக இருப்பது சர்க்கரை. அதைவிட, தெருவோரத்திலும் ஆன்லைனிலும் விற்கும் காப்பிப் பொட்டலம், மலாயில் "மாது" என்று விற்கும் தேன் பாக்கெட் பற்றித்தான் எனக்குப் பயம். இவற்றில் சில்டெனாஃபில், டாடலாஃபில் என்னும் விறைப்பு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. குடித்த அன்றே "வேலை செய்கிறது" என்று தோன்றினால் அந்த மருந்தாகத்தான் இருக்கும். விறைப்புக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைப்பவர் இதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

நம் நாட்டு மருந்து? அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில், லேகியம்?

தாத்தா காலத்திலிருந்து இருப்பதால் கெடுதல் செய்யாது என்று சொல்ல மாட்டேன், வேலையே செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். அமுக்கராவுக்குச் சில சிறு ஆய்வுகள் உண்டு; 2013-இல் வெளியான ஒன்றில் 46 பேர், 90 நாள், எண்ணிக்கை நன்றாகவே கூடியது. 46 பேரை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது. ஈரல் பாதிப்புச் செய்திகளும் வந்திருக்கின்றன. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் கவனம். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோப்பா இருக்கிறது, அது பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்து. மனநல மருந்து, ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் சும்மா சாப்பிடக் கூடாது.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் பெயரில்லா லேகியமும் பஸ்பமும்தான் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஈயம், பாதரசம் அளவுமீறி இருந்தால் கெடுவது விந்தணுதான். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் எழுதிக் கொடுத்து, பதிவு எண் உள்ள பொருளை வாங்குவது வேறு விஷயம்.

பதிவு எண் என்று எதைப் பார்ப்பது?

பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். N என்றால் சத்துப்பொருள், T என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என்பிஆர்ஏ (NPRA) என்னும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், பொருளின் பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும்.

அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம், குழந்தையின்மையைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடைசெய்கிறது. ஆகவே "மூன்றே மாதத்தில் அப்பா ஆகலாம்" என்று ஃபேஸ்புக்கில் ஓடும் வீடியோவைப் பார்த்தால், விற்பவர் சட்டத்தை மீறுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கேப்சூல் எதில் செய்தது?

நல்ல கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று அர்த்தம். மாட்டு ஜெலட்டின் தாராளமாக இருக்கலாம். மீன் எண்ணெய், கோக்யூ10 போன்ற மென்மையான உருண்டைகளில் பெரும்பாலும் அதுதான். லேபிளில் ஹைப்ரோமெலோஸ் என்றோ சைவக் கேப்சூல் என்றோ இருந்தால் பிரச்சினை இல்லை. தைப்பூச விரதத்தில் இருப்பவர்கள் மாத்திரை வடிவில் கேட்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தச் சில வாரம் நிறுத்திவைத்தாலும் குடிமுழுகிப் போகாது.

ஜிம் பையன்கள் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடுகிறார்கள். ஆண் ஹார்மோன்தானே, குழந்தைக்கு நல்லதுதானே?

நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "இங்கே போதும்" என்று மூளை விரைக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடும். அணு உற்பத்தி சரிந்து, பலருக்குச் சுழியமே ஆகிவிடும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நிறுத்தியபின் திரும்புவதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். குழந்தை வேண்டும் என்பவர் ஊசியும் போடக் கூடாது, ஜெல்லும் பூசக் கூடாது. ஏற்கனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வெட்கத்தில் மறைத்துவிட்டு வீணாக வேறு சோதனைகளுக்குச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர் மாத்திரை சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பொடித்து மைலோவில் கலந்து கொடுக்கட்டுமா?

வேண்டாம் அம்மா. அவருக்கு என்ன அலர்ஜி, வேறு எந்த மருந்தோடு மோதும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவரும் நாளில் வீட்டில் நடக்கும் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. அவரை ஒரு தடவை இங்கே அனுப்புங்கள், அல்லது போனில் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பயப்படுவது மாத்திரைக்கு அல்ல, ரிப்போர்ட்டுக்கு.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

முருங்கைக்கீரை, பூசணி விதை, முட்டை, பருப்பு, கானாங்கெளுத்தி. இங்கே கெம்போங் என்று மலிவாகக் கிடைக்கும் அந்த மீனில் ஒமேகா-3 தாராளம். கொட்டைகளுக்கு ஓரளவு நல்ல ஆய்வே உண்டு: 2012-இல் 117 இளைஞர்களை வைத்து, தினம் 75 கிராம் வால்நட் 12 வாரம் கொடுத்ததில் அணுவின் அசைவும் வடிவமும் மேம்பட்டன. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், பணம் கொடுத்தது கலிஃபோர்னியா வால்நட் வாரியம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இதைவிட முக்கியம் சர்க்கரையும் தொந்தியும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. கட்டுப்பாடில்லாத சர்க்கரை அணுவின் டிஎன்ஏவைச் சிதைக்கும், விறைப்பைக் கெடுக்கும். சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். நாளுக்கு மூன்று தே தாரேக்கும் நள்ளிரவு நாசி கண்டாருக்கும் நடுவே கோக்யூ10 விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறுங்கள், காசும் மிச்சம்.

சூடு, மோட்டார், சிகரெட்?

விரை உடலை விடச் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உருவாகும். பேக்கரி அடுப்பு, உணவுக் கடைச் சமையலறை, லாரி என்று நாள் முழுக்கச் சூட்டில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவர்கள் இடையிடையே எழுந்து நடக்கட்டும், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். வேப் அதற்கு மாற்று இல்லை.

எத்தனை மாதம் பார்ப்பது, எப்போது நிறுத்துவது?

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஓரிரு வாரம். ஆகவே எந்த மாற்றமும் மூன்று மாதத்துக்கு முன் ரிப்போர்ட்டில் தெரியாது. மாத்திரையோ உணவோ, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. முன்னேற்றம் இல்லையென்றால் போத்தலை மாற்றி மாற்றி வாங்க வேண்டாம். டாக்டர் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்லாதபோது, "மாத்திரை முடியட்டும்" என்று நீங்களாகத் தள்ளிவைக்கவும் வேண்டாம்.

செலவு கட்டுப்படியாகுமா?

மாதம் 200, 300 வெள்ளி சத்து மாத்திரைக்குப் போடும் வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் அது சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு. செயற்கைக் கருவூட்டல், ஐவிஎஃப் என்னும் சோதனைக் குழாய்ச் சிகிச்சை, ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி ஆகியவற்றுக்கு கேடபிள்யுஎஸ்பி என்னும் ஊழியர் சேமநிதியின் ஆரோக்கியப் பிரிவில் பணம் எடுக்கலாம். வருமான வரியில் கடும் நோய்ச் செலவுக்கான கழிவில் 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கருத்தரிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டு விந்துப் பரிசோதனை ரிப்போர்ட், நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரையின் லேபிளையும் போனில் படம் எடுத்து, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கியோ ஹெர்னியா ஆபரேஷனோ நடந்திருந்தால் அந்த விவரம், மூன்றையும் கொண்டுபோங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.